தொலைவழிக் கலாநிதிப் பட்டம்: காசு கட்டுவதற்கு முன்

வெள்ளவத்தையில் இருக்கும் ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறார், வயது 38, முதுகலைமாணி முடித்தவர். கொழும்பில் வெளிவந்த தமிழ் நாளிதழ்களில் பெண்களுக்கென்று ஒதுக்கிய பக்கங்களை ஆராய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வேலையை விட முடியாது, பிள்ளைகளை விட்டுவிட்டு வெளிநாடு போகவும் முடியாது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைவழிக் கலாநிதிப் படிப்பு, தமிழ்நாட்டில் பகுதிநேரப் பதிவு, 18 மாதத்தில் பட்டம் எடுத்துத் தருவதாகச் சொல்லும் முகவர் என்று மூன்று வழிகள் அவர் முன்னால் இருக்கின்றன. செய்யலாமா, செய்வதென்றால் எதை என்பதுதான் கேள்வி.

முகவரை இன்றைக்கே விட்டுவிடுங்கள். மற்ற இரண்டையும் பற்றி விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் கேட்காத நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: உங்கள் தலைப்புக்குத் தொலைவழிப் படிப்பு நன்றாகவே பொருந்தும். ஆனால் பல்கலைக்கழகத்தைத் தேடிப் போகாதீர்கள், ஆளைத் தேடுங்கள். உங்கள் எழுத்தை ஊன்றி வாசித்து, பிழை என்றால் பிழை என்று சொல்லக்கூடிய மேற்பார்வையாளர் ஒருவர் உறுதியாகும் வரைக்கும் எந்த விண்ணப்பத்துக்கும் ஒரு சதம்கூடக் கட்ட வேண்டாம்.

முகவர் விசயத்தை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், 18 மாதத்தில் இலக்கியம், வரலாறு போன்ற மனிதப்பண்பியல் துறைகளில் யோக்கியமான கலாநிதி ஆய்வு முடியாது. முழுநேரமாகச் செய்பவர்களுக்கே மூன்று, நான்கு வருடம் எடுக்கும். பகுதிநேரம் என்றால் ஆறு வருடமும் அதற்கு மேலும் போகும். இப்படியான இடங்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மேற்பார்வையாளர் யார் என்று பெயர் சொல்ல மாட்டார்கள். கட்டணத்தைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் இவ்வளவு என்று கேட்பார்கள். அங்கே முன்பு பட்டம் பெற்றவர்களின் ஆய்வேடுகளை எங்கே வாசிக்கலாம் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். ஒழுங்கான பல்கலைக்கழகம் எதுவும் தன் மாணவர்களின் ஆய்வேட்டை ஒளித்து வைப்பதில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. இங்கிலாந்தில் அநேகமாக ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன்னுடைய களஞ்சியத்தை வைத்திருக்கிறது. உங்களுக்கு மேற்பார்வையாளராக வரக்கூடியவரின் பழைய மாணவர்கள் எழுதிய ஆய்வேடு இரண்டை எடுத்து வாசியுங்கள். அதைவிட நல்ல விசாரணை வேறு இல்லை.

அங்கீகாரத்தையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இலங்கையில் ஏற்கப்படுமா என்பதைக் கொழும்பு 7, வார்ட் பிளேசில் இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதம் பல்கலைக்கழகத்தைப் பற்றியது என்பதை மனதில் வைத்திருங்கள். தொலைவழியில் எடுத்த பட்டத்தைக் குறிப்பிட்ட ஒரு வேலைக்கு ஏற்பார்களா என்பது வேறு கேள்வி, அதை வேலை கொடுப்பவரிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் முதுகலைமாணி எப்படிப்பட்டது என்றும் பாருங்கள். பட்டங்களை மட்டங்களாக வரிசைப்படுத்தும் இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வும் சேர்ந்தது 10, முதுதத்துவமாணி (எம்.பில்.) 11, கலாநிதிப் பட்டம் 12. நீங்கள் 9இல் நின்றால் நேரடியாகக் கலாநிதிப் பதிவு கேட்பது கடினமாக இருக்கும். ஆய்வு எழுதிய அனுபவம் இல்லாமல் உள்ளே போனால் முதல் இரண்டு வருடமும் அதைப் படிப்பதிலேயே போய்விடும்.

இனி மேற்பார்வையாளர். இதில்தான் கொஞ்சம் நின்று கதைக்க விரும்புகிறேன்.

நம் இலக்கிய விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள் என்பது நம் தமிழ் ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்களை வழிநடத்திய ஜோர்ஜ் தொம்சன் கிரேக்க இலக்கியப் பேராசிரியர். சங்கப் பாடல்களை அவர் இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஹோமரைப் பற்றியும் கிரேக்க நாடகம் எந்தச் சமூகத்திலிருந்து எழுந்தது என்பதைப் பற்றியும் அவர் வாழ்நாள் முழுக்க யோசித்திருந்தார். அந்தக் கேள்விகளோடு தமிழுக்குத் திரும்பி வந்ததால்தான் கைலாசபதி சங்க வீரயுகப் பாடல்களையும் சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தையும் புதிதாகப் பார்க்க முடிந்தது. இதிலிருந்து உங்களுக்கு இரண்டு விசயம் கிடைக்கிறது. மேற்பார்வையாளர் உங்கள் தலைப்பிலேயே நிபுணராக இருக்க வேண்டும் என்றில்லை. தமிழ் தெரியாதவராகக்கூட இருக்கலாம். காலனிய காலப் பத்திரிகைகளைப் பற்றியோ, பெண்கள் இதழ்களைப் பற்றியோ, தென்னாசிய அச்சுப் பண்பாட்டைப் பற்றியோ ஆழமாக வேலை செய்தவராக இருந்தால் போதும். மற்றது, அவர்கள் அங்கே போய் இருந்து படித்தார்கள். அறைக்கு வெளியே, தேநீர் நேரத்தில், இன்னொருவரின் கருத்தரங்கில் காதில் விழுகிற விசயங்கள் ஆய்வாளரை உருவாக்குவதில் பாதிப் பங்கை எடுத்துக்கொள்கின்றன. அதே பர்மிங்காம் இன்றைக்குக் கலைத்துறைகளில் தொலைவழியிலும் கலாநிதிப் படிப்பை வைத்திருக்கிறது. ஆனால் அந்த மற்றப் பாதியை எந்தப் பல்கலைக்கழகமும் தபாலில் அனுப்பாது. அதை நீங்களே கொழும்பில் தேடிச் சேர்க்க வேண்டும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மேற்பார்வையாளருடன் மாதத்துக்கு ஒரு தரம், ஒரு மணித்தியாலம் காணொளியில் சந்திப்பு. இங்கிலாந்தில் பிற்பகல் 2 மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் 6.30. பிள்ளைகளின் வீட்டுவேலை, இரவுச் சாப்பாடு எல்லாம் நடக்கிற நேரம். சந்திப்புக்கு இரண்டு கிழமை முன்பே 8,000 சொல்லில் ஓர் அத்தியாயத்தை அனுப்பியிருப்பீர்கள். அது திரும்பி வரும்போது ஓரமெல்லாம் குறிப்புகள் இருக்கும். "இது யாருடைய கருத்து, உங்களுடையதா?" "இந்த ஒரு தலையங்கத்தை வைத்து எல்லா வாசகிகளும் இப்படித்தான் என்று எப்படிச் சொல்வீர்கள்?" "இந்தப் பந்தி எதற்கு?" அதைப் பார்த்த அன்றிரவு நித்திரை வராது. வளாகத்தில் இருக்கிற மாணவி அடுத்த நாள் சக மாணவியோடு இருந்து கதைத்து, இது எல்லோருக்கும் நடக்கிறதுதான் என்று அறிந்து ஆறுதலடைவாள். நீங்களோ அடுத்த நாள் காலை 7.30க்கு வகுப்பில் நிற்பீர்கள். தொலைவழி மாணவர்கள் இடையில் விடுவது அநேகமாக அறிவு போதாமல் அல்ல. குறிப்புகளோடு வந்த அந்த அத்தியாயத்தைத் திறக்காமலே மூன்று மாதம் தள்ளிப்போட்டு, பிறகு மேற்பார்வையாளருக்கு எழுதவே கூச்சப்பட்டு, அப்படியே நின்றுபோகிறார்கள். நல்ல மாணவர்கள் பலர் இப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் அது எனக்குப் பெரிய மனவருத்தம்.

அதனால் பதிவு செய்வதற்கு முன்பே ஒரு சின்ன வட்டத்தை உண்டாக்குங்கள். ஆய்வு செய்துகொண்டிருக்கும் இரண்டு மூன்று பேர் போதும். துறை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் உங்களுக்கு நடக்கிற தூரம். 1942இல் தொடங்கிய அமைப்பு, நூலகமும் இருக்கிறது, கூட்டங்களும் நடக்கின்றன. அங்கே வருகிறவர்களில் உங்கள் அத்தியாயத்தை வாசித்துக் கருத்துச் சொல்லக்கூடியவர் யாராவது இருப்பார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஐந்து பக்கம் கொண்டுவந்து வாசிப்பது என்று வைத்துக்கொண்டால், தனிமை பாதியாகும்.

உங்களுக்குச் சாதகமான பெரிய விசயத்துக்கு வருகிறேன். தொலைவழிப் படிப்பு யாருக்குப் பொருந்தாது என்றால், மூலங்கள் லண்டனிலோ லெய்டனிலோ இருக்க, தான் மட்டும் கொழும்பில் இருக்கிறவருக்கு. உங்களுக்கு அது நேர்மாறு. உங்கள் மூலங்கள் எல்லாம் உங்களைச் சுற்றியே இருக்கின்றன. கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது, பழைய நாளிதழ்த் தொகுதிகள் அங்கே உண்டு. சுதந்திர அவெனியூவில் தேசிய நூலகம். 1877இல் திறந்த கொழும்பு நூதனசாலையின் நூலகமும் பக்கத்தில்தான். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துப் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் மின்வருடி இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. இரவு பத்து மணிக்கு வீட்டிலிருந்தே வாசிக்கலாம். இங்கிலாந்தில் முழுநேரமாக இருக்கும் மாணவி ஒருத்தி இதே தலைப்பை எடுத்தால், களப்பணிக்கு என்று காசு தேடி இங்கேதான் வர வேண்டியிருக்கும்.

ஆனால் காப்பகத்தில் வேலை செய்வது எளிது என்று நினைக்க வேண்டாம். 1930களின் நாளிதழ்த் தாள் பழுப்பேறி, திருப்பும்போது ஓரம் உதிரும். மிகவும் பழுதான தொகுதியை வாசகருக்குக் கொடுக்காமல் விடுவார்கள். வருடம் முழுவதும் இருக்கிறது என்று பட்டியல் சொன்னாலும் இரண்டு மூன்று மாத இதழ்கள் இல்லாமல் இருக்கலாம். பாடசாலை முடிந்து பஸ் பிடித்துப் போனால் வாசிகசாலை மூடுவதற்குள் கொஞ்ச நேரமே மிஞ்சும். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளைத்தான் நம்பியிருக்க வேண்டும். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே ஒரு விடுமுறையில் போய், உங்களுக்கு வேண்டிய இதழ்கள் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை கைக்குக் கிடைக்கின்றன என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கொப்பிதான் உங்கள் ஆய்வு முன்மொழிவின் அத்திவாரம்.

தலைப்பையும் ஒடுக்க வேண்டும். "தமிழ் நாளிதழ்களில் பெண்கள்" என்பது ஒரு ஆளால் செய்து முடிக்கிற வேலை அல்ல. நானாக இருந்தால் இப்படி யோசிப்பேன். வீரகேசரி 1930இல் தொடங்குகிறது, தினகரன் 1932இல். இரண்டுக்கும் நடுவில் 1931இல், பிரித்தானிய ஆட்சிக் காலத்து டொனமூர் அரசியல் யாப்பின் கீழ், 21 வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வருகிறது. அடுத்த வருடமே கொழும்பு வடக்கு இடைத்தேர்தலில் நேசம் சரவணமுத்து என்ற பெண் வென்று, அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போகிறார். வீரகேசரியைத் தொடங்கியவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த சுப்பிரமணியச் செட்டியார். தினகரன் லேக்ஹவுஸ் பத்திரிகை நிறுவனம் வெளியிட்டது. வாசகர்களும் ஒரே ஆட்கள் அல்ல. இந்திய வம்சாவளித் தமிழர்களுக்கு வாக்குரிமை நிபந்தனைகளோடுதான் கிடைத்தது. அப்படியானால் இந்த இரண்டு பத்திரிகைகளும் வாக்களிக்கும் பெண்ணை எப்படிக் கற்பனை செய்தன? சமையலும் பிள்ளை வளர்ப்பும் வந்த அதே பக்கத்தில் வாக்கும் வந்ததா, அல்லது அது ஆண்களுக்கான பக்கத்திலேயே நின்றுவிட்டதா? எழுதியவர்களில் எத்தனை பேர் உண்மையில் பெண்கள்? 1930இலிருந்து 1948 வரை என்று எல்லை போட்டால், இது ஆறு வருடத்தில் செய்யக்கூடிய, யாரும் வாசிக்க விரும்பக்கூடிய ஓர் ஆய்வாகிவிடும். என் கேள்வியை அப்படியே எடுக்கச் சொல்லவில்லை. உங்கள் கேள்வியும் இந்த அளவுக்குக் கூராக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எந்த மொழியில் எழுதப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். இங்கிலாந்தில் என்றால் 80,000 முதல் 100,000 சொல் வரை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், கடைசியில் பரீட்சகர்கள் முன் வாய்மொழியாக அதற்குப் பதில் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறை போன்ற இடங்களில் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலத்தில் எழுதினால் உலகத்தில் இந்தத் துறையில் இருக்கிறவர்கள் வாசிப்பார்கள். நம் பிள்ளைகளும் ஆசிரியர்களும் வாசிக்க மாட்டார்கள். தமிழில் எழுதினால் அது மறுபக்கம். இதில் எது உயர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பந்தி வாதத்தை ஆங்கிலத்தில் எழுத உங்களுக்கு ஒரு நாள் முழுக்க எடுக்கிறதென்றால், ஆறு வருடக் கணக்கு பத்து வருடமாகிவிடும்.

காசு. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பகுதிநேரக் கட்டணம் வருடத்துக்கு 6,000 பவுண், ஒரு பவுண் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வருடத்துக்கு 36,000 பவுண், அதாவது 1 கோடியே 44 இலட்சம் ரூபாய். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டது. அந்த நேரம் வெளிநாட்டுக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆறு வருடத்துக்குள் இன்னொரு தரம் அப்படி நடக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. நகை அடகு வைத்தோ வங்கிக் கடன் எடுத்தோ இதைச் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. புலமைப்பரிசில் அல்லது கட்டணக் குறைப்பு கிடைத்தால் மட்டும் இங்கிலாந்தை யோசியுங்கள். கட்டணம் குறைந்த தொலைவழிப் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. தென்னாபிரிக்காவின் யுனிசா 1946இலிருந்து இதே வேலையைச் செய்கிறது. அங்கேயும் முதலில் மேற்பார்வையாளரைத்தான் பாருங்கள். சொல்லப்படாத செலவு ஒன்றும் உண்டு. கிழமைக்கு 15 மணித்தியாலம் ஆய்வுக்கு வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பீர்கள்? அநேகமாகச் சனி ஞாயிறு டியூஷன் வகுப்பை நிறுத்தித்தான். அந்த வருமானம் போவதையும் கணக்கில் சேர்த்து, வீட்டில் இருக்கிறவர்களோடு இருந்து கதையுங்கள். அவர்கள் அரைமனதோடு சம்மதித்தால் அது போதாது.

தமிழ்நாட்டு வழியில் ஒரு குழப்பம் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி தொலைவழியிலோ இணையவழியிலோ கலாநிதிப் பட்டம் கொடுக்க முடியாது. பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு. அதற்கு வேலை செய்யும் இடத்திலிருந்து ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் வேண்டும், பாடநெறியும் முடிக்க வேண்டும். ஆகவே "ஒரு நாளும் வரத் தேவையில்லை" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். பாடநெறிக்கும் மேற்பார்வையாளரைச் சந்திக்கவும் போய் வர லீவு கிடைக்கும் என்றால், இது நல்ல வழி. பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்திருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னையில் இருப்பது உங்கள் தலைப்புக்குக் கூடுதல் பலம். இங்கே வாசித்த பத்திரிகைகளை அக்காலத் தமிழ்நாட்டுப் பெண்கள் இதழ்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நீங்கள் கேட்காத நான்காவது வழி உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், நாவலையில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வுப் பட்டத்துக்குப் பதியலாம். முதுதத்துவமாணியாகத் தொடங்கி, வேலை நன்றாகப் போனால் கலாநிதிக்கு உயர்த்திக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. உங்கள் நிலையில் எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். இரண்டு வருடம் போன பிறகு இது தனக்குச் சரிவராது என்று தெரிந்தாலும், முதுதத்துவமாணி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மரியாதையோடு வெளியே வரலாம். கட்டணம் ரூபாயில். மேற்பார்வையாளரை நேரில் போய்ப் பார்க்கலாம். வெளிநாட்டு அறிஞர் ஒருவரை இணை மேற்பார்வையாளராகச் சேர்க்க முடியுமா என்றும் கேளுங்கள்.

பட்டத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் சேவையில் தரமுயர்வுக்குக் கலாநிதிப் பட்டம் கட்டாயமில்லை. பல்கலைக்கழக விரிவுரையாளர் இடங்கள் தமிழ்த் துறைகளில் மிகக் குறைவு, ஆறு வருடம் கழித்து உங்களுக்கு 44 வயது. ஆகவே வேலைக்காக என்றால் வேண்டாம். இந்தப் பக்கங்களை யாராவது ஒருவர் ஒழுங்காக வாசித்து எழுதாவிட்டால் அவை உதிர்ந்து போய்விடும், அதைச் செய்ய வேண்டியது நான்தான் என்று உங்களுக்குத் தோன்றினால் செய்யுங்கள். உங்கள் கடிதத்தை வாசித்தபோது அந்த எண்ணம் உங்களுக்கு இருப்பதாகவே பட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வருகிற விடுமுறையில் சுவடிகள் திணைக்களத்தில் அந்தக் கொப்பியைத் தொடங்குங்கள். அதை வைத்து இரண்டு பக்கத்தில் உங்கள் கேள்வியையும், எந்த மூலங்களை வைத்து அதற்குப் பதில் தேடுவீர்கள் என்பதையும் எழுதி, உள்ளூரில் இருவருக்கும் வெளிநாட்டில் இருவருக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். "விண்ணப்பிக்கலாம், வாருங்கள்" என்று ஒரு வரியில் பதில் போடுகிறவரைவிட, உங்கள் இரண்டு பக்கத்தில் குறை கண்டுபிடித்து நீளமாக எழுதுகிறவரைத் தெரிவு செய்யுங்கள். பதில்கள் வந்ததும், கட்டண விபரத்தோடு சேர்த்து எனக்கும் அனுப்பினால், எதைத் தெரிவு செய்வது என்று இருந்து பார்ப்போம்.